கதவைத் திறப்பது நம்ம விரல்தான்!

(கணினிப் பாதுகாப்பு: ஒரு சின்னப் பாடம்)

‘ஹேக்கர்’னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இருட்டு அறை, கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சினிமாவுல அப்படித்தான் காட்டுறாங்க. ஆனால் பல திருட்டுகளில் பூட்டை யாரும் உடைப்பதே இல்லை. நாமே திறந்து விடுகிறோம். எப்படி என்று பார்ப்போமா?

உலகத்தை ஏமாற்றிய காதல் கடிதம்

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி பல நாடுகளின் அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு ‘ஐ லவ் யூ’. கூடவே ஒரு கோப்பு. அனுப்பியவரோ தெரிந்தவர்! ‘அட, நமக்கா லெட்டர்?’ என்று ஆசையாகத் திறந்தார்கள். அது கடிதம் இல்லை, பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பிய ஒரு நச்சு நிரல். கணினியில் இருந்த படங்களை அழித்தது. முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் அதே கடிதத்தை, திறந்தவர் பெயரிலேயே அனுப்பியது. பிரிட்டன் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது.

தந்திரம் எங்கே இருந்தது தெரியுமா? கோப்பின் பெயர் ‘.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்று முடிந்தது. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்து. விபிஎஸ் என்றால் இயங்கும் நிரல். விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியை மறைத்துவிட்டதால் பலர் ஏமாந்தார்கள்.

இப்போது அதே தந்திரம் வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வருகிறது. பெயரின் கடைசியில் ‘.ஏபிகே’ இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப்! மாமா நம்பரிலிருந்து வந்தாலும் தொடாதீங்க. முதலில் மாமாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க.

தொடாமலே வந்த ஆபத்து

2017 மே 12-இல் பரவிய ‘வான்னாக்ரை’ வேறு மாதிரி. யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. சுமார் 150 நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் ஆபரேஷன்கள்கூடத் தள்ளிப்போயின. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு விட்ட பலரும் மாட்டிக்கிட்டாங்க.

கணக்குப் போடுவோம்

4 இலக்க எண் என்றால் 10,000 வகைதான். 8 சின்ன ஆங்கில எழுத்து என்றால் 26-ஐ எட்டு முறை பெருக்கணும்: சுமார் 20,882 கோடி! இன்னும் 4 எழுத்து சேர்த்தால் அதைப் போல 4,56,976 மடங்கு. ஆகவே பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு சொல்லைச் சேர்த்துக்கலாம். உங்கள் பெயரும் பிறந்த தேதியும் வைத்தால் கணக்கே தேவையில்லை, பக்கத்து பெஞ்சுக்காரனே கண்டுபிடிச்சிடுவான்!

மனதில் வையுங்கள்

1. யுபிஐ-யில் நமக்குப் பணம் வர ‘பின்’ எண் போடவே வேண்டாம். போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

2. ஓடிபி-யை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. ‘பேங்க் மேனேஜர் பேசுறேன்’ என்றாலும்தான்.

3. ஸ்காலர்ஷிப், கவுன்சிலிங் வேலையாக நெட் சென்டருக்குப் போனால், கிளம்பும் முன் லாக் அவுட் செய்யுங்கள். இறக்கிய ஆதார், மார்க் ஷீட்டை அழியுங்கள். ‘ரீசைக்கிள் பின்’னிலும் அழியுங்கள்.

4. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. வீட்டில் திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.

நண்பர்களே, நம்ம வீடுகளில் போனில் எது வந்தாலும் ‘இது என்னன்னு பாரு கண்ணு’ன்னு நம்மகிட்டதான் நீட்டுறாங்க. அப்பா அம்மாவோட மாசச் சம்பளம் அந்த நேரம் நம்ம விரல் நுனியில் இருக்கிறது. ‘கொஞ்சம் பொறுங்கப்பா, விசாரிச்சுட்டு அமுக்கலாம்’ என்று சொல்லப் பழகுவோம்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ‘போட்டோ.ஜேபிஜி.ஏபிகே’ என்பது படமா, ஆப்பா? காரணத்தோடு எழுதி, பெயர், வகுப்புடன் கேள்விப் பெட்டியில் போடுங்கள். விடை அடுத்த இதழில்!