பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு



பழைய பேரேடுகளையும் கல்லாப்பெட்டியையும் ஒழிக்கும்போது நம்மில் சிலருக்குப் பழைய நோட்டு அகப்படுவதுண்டு. “லட்சம் பெறும்” என்பார் ஒருவர். “வெறும் காகிதம்” என்பார் மற்றவர். சரக்கின் தரம் அறியாமல் விலை பேசலாமா? நம் தஞ்சாவூருக்கே பெருமை சேர்த்த ஒரு நோட்டைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

1. அடையாளம்: 1954-இல் வெளிவந்த 1000 ரூபாய் நோட்டின் பின்புறம் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும். முன்புறம் அசோகர் தூணின் சிங்க முகம். காந்தியடிகள் படம் இருந்தால் அது 2000-இல் வந்து 2016-இல் செல்லாததான வேறு நோட்டு. மன்னர் தலை போட்ட 1000 ரூபாய் 1946-லேயே செல்லாததாயிற்று.

2. காலம்: ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்தே காலத்தைச் சொல்லும். பி. ராமராவ் என்றால் 1957-க்கு முந்தியது, கே.ஆர். பூரி என்றால் 1975-77.

3. தரம்: பழைய அரிசிக்கு விலை கூடும், வண்டு விழுந்தால் கூடாது. நோட்டும் அப்படியே. மடிப்பு, குண்டூசித் துளை, கிழிசல், மைக்கறை ஒவ்வொன்றும் மதிப்பைக் குறைக்கும். கழுவுவது, இஸ்திரி போடுவது, பசை நாடா ஒட்டுவது, லேமினேஷன் செய்வது எல்லாம் கெடுதல். கிடைத்தபடியே உறையில் வையுங்கள்.

4. மதிப்பு: விளம்பரத்தில் கேட்கும் விலை விலையாகாது. அதே கையெழுத்து, அதே தரமுள்ள நோட்டு ஏலத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதே கணக்கு.

5. சட்டம்: இந்த நோட்டு 1978 ஜனவரியில் செல்லாததாக்கப்பட்டது. வங்கியில் மாற்ற முடியாது. கைமாற்றுவதையும் அன்றைய சட்டம் தடுத்தது. ஆகவே வாங்க, விற்க நினைப்பவர் முதலில் வழக்கறிஞரைக் கேட்பது நலம். 2016-இல் செல்லாததான 500, 1000 நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் மட்டும் 25 வரை வைக்கலாம்.

6. எச்சரிக்கை: “ரிசர்வ் வங்கி மூலம் விற்றுத் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்” என்று யாராவது கேட்டால் நம்பாதீர்கள். இத்தகைய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் அறிவித்துள்ளது.

சரக்கு வருமுன் பணம் கட்டாதவர் நாம். நோட்டு விஷயத்திலும் அதே நிதானம் இருக்கட்டும்.