மனத்தைப் படிக்கும் படிப்பு

உளவியல் படிக்கப் போவதாக வீட்டில் சொன்னால், "பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலா வேலை பார்க்கப் போகிறாய்?" என்று பாட்டி கேட்பார். மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று யோசிக்கும் நமக்குமே இப்படிப்பைப் பற்றி அதிகம் தெரியாது.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. உளவியலாளர், கேட்டும் பேசியும் சோதனைகள் வைத்தும் மனத்தின் போக்கை அறிந்து உதவுகிறார். சமூகப் பணியாளரோ வீட்டுக்கே செல்வார். ஒரு சிறுமி பள்ளிக்கு வராததற்குக் காரணம் அவள் மனச்சோர்வா, தந்தையின் குடியா, அடுப்பு எரியாததா என்று பார்ப்பது அவர் வேலை.

1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் சோதனைக்கூடம் அமைத்தார். அவரிடம் படித்து 1891-இல் டாக்டர் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர் எட்வர்ட் பேஸ் என்னும் கத்தோலிக்கக் குரு! வாஷிங்டன் திரும்பிய அவர், அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய கூடத்தை நிறுவினார். ஆன்மாவைப் பற்றிப் போதிப்பவர் மனத்தை அளக்கலாமா என்று அவர் தயங்கவில்லை. அவருடைய மாணவர் தாமஸ் வெர்னர் மூர் அடிகளார் மருத்துவமும் கற்று, 1916-இல் அந்நகரில் மனநலச் சிகிச்சையகம் ஒன்றைத் தொடங்கினார். பிறர் பேச்சைக் கேட்டே வாழ்ந்த இவர், 1947-இல் பேசா நோன்புள்ள கார்த்தூசியர் மடத்தில் சேர்ந்தது வேடிக்கைதான்!

நம் நாட்டில் சமூகப் பணிக்கான முதல் கல்விக்கூடம் 1936-இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையால் தோன்றியது. அதை நடத்தியவர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. பெங்களூரில் கார்மேல் சபைக் குருக்கள் 1969-இல் தொடங்கிய கிறைஸ்ட் கல்லூரி, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே உளவியலும் சமூகப் பணியும் கற்பிக்கப்படுகின்றன. சமூகப் பணி மாணவியர் வகுப்பில் மட்டும் இருப்பதில்லை. சேரிக்கும் மருத்துவமனைக்கும் சென்று, பார்த்ததை அறிக்கையாக எழுத வேண்டும். கணக்கைக் கண்டால் ஓடும் தோழியர் கவனிக்கவும்: உளவியலில் புள்ளியியல் உண்டு! மருத்துவமனையில் சிகிச்சை உளவியலாளராகப் பணியாற்ற, உரிய பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்ய வேண்டும். எனவே பெற்றோரிடம் ஆண்டுகளையும் செலவையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

இப்படிப்பில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது இரகசியம் பற்றிய விதி. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியிடக் கூடாது. ஆலோசகரும் பிறர் சொன்னதைக் காக்கக் கடமைப்பட்டவர்; 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் அவர் உரியவரிடம் சொல்லலாம். இந்த வேறுபாடு நமக்கும் பொருந்துகிறது. மதிப்பெண் குறைந்தது என்றோ, வீட்டில் திட்டினார்கள் என்றோ ஒரு தோழி சாக நினைப்பதாகச் சொல்லி, "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினால், நாம் குருவும் அல்ல, அது பாவசங்கீர்த்தனமும் அல்ல. உடனே சிஸ்டரிடமோ, வகுப்பாசிரியையிடமோ, அம்மாவிடமோ சொல்லிவிட வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி உதவியும் உண்டு. எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.