பர்ஸைத் திறக்காமல் ஒரு திருச்சி

பிள்ளைகளோடு ஊர் சுற்றக் கிளம்பினால், பல ஊர்களில் பேருந்துக் கட்டணத்தைவிட நுழைவுச் சீட்டுதான் கையைக் கடிக்கும். திருச்சியில் அந்தக் கவலை குறைவு. முற்காலச் சோழரின் தலைநகரான உறையூர் இன்று இந்த மாநகரின் ஒரு பகுதி. நாயக்க மன்னர்களும் சில காலம் மதுரையை விட்டு இங்கிருந்து ஆண்டார்கள். அவர்கள் காலத்துக் கோயிலும் குளமும் கால்வாயும் இன்னும் ஊராரின் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால், பெரும்பாலானவற்றைக் காசில்லாமலே பார்க்கலாம். நேரத்தைத்தான் எண்ணிச் செலவழிக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கல்தரை கால் வைக்க விடாது. மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள்.

போக்குவரத்து

வெளியூர்ப் பேருந்தில் வந்து பஞ்சப்பூர் முனையத்தில் இறங்கினாலும், ரயிலில் ஜங்ஷனில் இறங்கினாலும், முதலில் சத்திரம் பேருந்து நிலையத்தை நோக்கி வாருங்கள். மலைக்கோட்டை அங்கிருந்து நடக்கும் தூரம். ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ் அடிக்கடி ஓடுகிறது. வழியிலேயே திருவானைக்காவலும் வந்துவிடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குச் சீட்டு இலவசம். ஆகவே அம்மாவுக்கும் பாட்டிக்கும் போக்குவரத்துச் செலவும் இல்லை.

காலை: ஸ்ரீரங்கம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவில் 156 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது அரங்கநாதர் கோயில். ஏழு திருச்சுற்றுகளில் வெளியே இருக்கும் மூன்றும் மக்கள் குடியிருக்கும் தெருக்கள். அடையவளைஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி என்று ஒவ்வொரு மதிலாகக் கடக்கும்போது வீட்டு வாசல் கோலம், காய்கறி வண்டி, பூக்கடை எல்லாம் கோயிலுக்குள்ளேயே இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தெற்கே நிற்கும் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. விஜயநகர அரசர் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோய், பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்து ஜீயரின் முயற்சியால் 1987-இல் 13 நிலைகளோடு முழுமை பெற்றது. கழுத்து வலிக்காமல் அத்தனை நிலையையும் எண்ணி முடிப்பது யார் என்று சின்னப் பிள்ளைகளுக்குள் போட்டி வைக்கலாம்.

உள்ளே பொது வரிசையில் தரிசனம் இலவசம். கூட்டமான நாளில் மணிக்கணக்காகும் என்பதால், கைக்குழந்தை இருந்தால் வரிசையை விட்டுவிட்டு வெளிச்சுற்றுகளிலேயே அரை நாளைக் கழிக்கலாம். கிழக்கே வெள்ளைக் கோபுரத்துக்கு அருகில் சேஷராயர் மண்டபம் இருக்கிறது. முன்னங்கால் தூக்கிப் பாயும் கல் குதிரைகள், மேலே வீரர்கள், காலடியில் ஈட்டி பாய்ந்த புலிகள் என்று தூணுக்குத் தூண் வேட்டை நடக்கும். எதிரே ஆயிரங்கால் மண்டபம். தாயார் சந்நிதிப் பக்கம் போனால், கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபத்தையும் காணலாம். பள்ளிக்கூடத்தில் கம்பனைப் படிக்கும் பிள்ளைக்கு அது பாடப்புத்தகத்தில் இல்லாத பக்கம்.

பசித்தால் கோயில் அன்னதானம் உண்டு. 2012-இல் நாள் முழுவதும் உணவளிக்கும் திட்டம் தொடங்கிய கோயில்களில் இதுவும் ஒன்று. தரையில் வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறும் பந்தியாக இல்லாவிட்டாலும், முகம் தெரியாதவரோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் நகரத்துப் பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

நண்பகல்: திருவானைக்காவல்

பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கானது. ஜம்புகேஸ்வரர் கருவறையில் எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கும். சிவனுக்குப் பந்தல் போட்ட சிலந்திக்கும் பூசை செய்ய வந்த யானைக்கும் நடந்த சண்டைதான் தலபுராணம். சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாத கோயில்களாகக் கட்டினான் என்று கதை முடியும். கதையைச் சொல்லிவிட்டுக் கருவறையின் குறுகிய வாசலைக் காட்டினால் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அதே கோயிலில் அகிலா என்ற யானை வளர்வது தனி வேடிக்கை.

உச்சிக்கால பூசை இங்கே தனி அழகு. அகிலாண்டேஸ்வரி சந்நிதி அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் தரித்து, மேளத்தோடு சுவாமி சந்நிதிக்கு நடந்து வந்து அபிஷேகமும் கோபூசையும் செய்வார். பதினொன்றரைக்கே போய் நிழலான மண்டபத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாலை: மலைக்கோட்டையைச் சுற்றி

வெயில் தாழ்ந்ததும் நகரத்துக்குத் திரும்புங்கள். உச்சிப்பிள்ளையார் வரை 417 படிகள் என்பார்கள். முட்டிவலிக்காரர்கள் மாணிக்க விநாயகரோடு கீழேயே நின்றுவிடலாம். ஏறுகிறவர்கள் கையில் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். மேலே போகவும் கேமராவுக்கும் சிறு கட்டணம் கேட்கலாம். வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயிலில், சடையில் கங்கையைத் தாங்கும் சிவனின் சிற்பத்தைத் தவற விடாதீர்கள். உச்சியில் நின்றால் காவிரியும் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் ஒரே பார்வையில் அடங்கும்.

ஏற முடியாதவர்களுக்கு அடிவாரத்துக் கீழ்க்குகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே இரண்டு கருவறைகள். கூட்டமே இருக்காது.

பிறகு தெப்பக்குளத்தைச் சுற்றி வாருங்கள். ஆங்கிலேயத் தளபதி கிளைவ் தங்கியதாகச் சொல்லும் பழைய வீடும், தூய வளனார் கல்லூரியை ஒட்டிய லூர்து மாதா கோயிலின் கூர்மாடமும் அருகிலேயே உள்ளன. 1844-இல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883-இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்த கல்லூரி அது. அப்துல் கலாம் அங்கே படித்தவர். நேரமிருந்தால் மதுரை ரோட்டில் நத்தர்வலி தர்காவுக்கும் போகலாம். எல்லா மதத்தாரும் வந்துபோகும் இடம். திருச்சிக் கோட்டைக்காகப் போரிட்டு 1752-இல் கொல்லப்பட்ட சந்தா சாகிபின் அடக்கமும் அங்கே இருக்கிறது. உள்ளே போகும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் இருந்தால்

துறையூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை. பெருமாள் கோயிலுக்குப் பின்னால் பல்லவன் தந்திவர்மன் காலத்தில் வெட்டிய ஸ்வஸ்திக வடிவக் கிணறு இருக்கிறது. நான்கு பக்கமும் படிகள் மடங்கி இறங்குவதால் ஒரு துறையில் குளிப்பவரை மற்றத் துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. ஊரில் இதற்கு நாலுமூலைக் கேணி என்று பெயர். படிகளில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

கிழக்கே கல்லணை. சத்திரத்திலிருந்தே டவுன் பஸ் உண்டு. கரிகாலன் கட்டிய அணைக்கு மேலே நடந்தபடி காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று நீர் பிரிவதைப் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் போனால் மணல்தான் மிஞ்சும். மேட்டூர் அணை திறந்து காவிரியில் தண்ணீர் ஓடும் மாதங்களே சரி. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுழல் இருப்பதால் அங்கே குளிக்க இறங்கக் கூடாது. ஆற்றில் கால் நனைத்தே ஆக வேண்டும் என்றால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை இருக்கிறது. அங்கும் முதல் சில படிகளோடு சரி.

சில்லறைச் செலவு

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, முக்கொம்பு, ராணி மங்கம்மாள் தர்பார் மண்டபத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குச் சிறு தொகைதான். மூன்றில் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். மிச்சம் பிடித்த காசில் மெயின்கார்டுகேட் பக்கம் மைக்கேல் கடை ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கலாம்.

புறப்படுமுன்

வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு நாட்களில் சிறு குழந்தைகளோடு வருவதைத் தவிருங்கள். கோயிலுக்குள் சூடு தாங்கக் கனமான காலுறை, தண்ணீர் பாட்டில், தொப்பி கட்டாயம். பெரிய பிள்ளைகளிடம் உங்கள் கைபேசி எண்ணை எழுதிய சீட்டைக் கொடுத்துவையுங்கள். தொலைந்தால் சந்திக்கும் இடம் ராஜகோபுர வாசல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 236 அடி உயரத்துக்கு நிற்பதை எந்தப் பிள்ளையும் கேட்டுக் கண்டுபிடித்துவிடும்.