குதிகால் நாண் அறுந்தால்

செம்பட்டி வட்டாரத்தில் கபடி ஆடுவோர், குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்தாற்போல் திடீர் வலி உண்டானால், சுளுக்கென்று எண்ணி உருவிவிடலாகாது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நாண் அறுந்திருக்கலாம்; நடக்க முடிந்தாலும் ஐயம் நீங்காது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையை அழுத்தும்போது பாதம் அசையாவிடில், நாண் அறுந்ததெனக் கொள்வோம்.

சிறு கீறல் வழியே நூல் செலுத்தி அறுந்த முனைகளை இணைக்கலாம். காயம் சிறிதாதலால் தோல் எளிதில் ஆறும். ஆயினும் அருகே செல்லும் உணர்வு நரம்பு பாதிக்கப்படக்கூடும். 2022இல் வெளியான நார்வே ஆய்வில், நாண் மீண்டும் அறுந்தோர் அறுவையில் 0.6 விழுக்காடு, கட்டு மட்டும் போட்டோரில் 6.2. நரம்புப் பாதிப்போ சிறு கீறலில் 5.2, கட்டில் 0.6. ஓராண்டு முடிவில் கால் இயக்கம் ஏறக்குறைய ஒன்றே.

எனவே வயது, தொழில், நீரிழிவு ஆகியவற்றை உங்களோடு கலந்தாய்ந்தே முறையைத் தேர்கிறோம். நாள் கடந்தால் அறுந்த முனைகள் விலகிவிடும், உடனே வாருங்கள்.