பட்டாளம் ஏன் இறங்குவதில்லை?

கேள்வி: என்னுடன் வேலை செய்யும் மியன்மார் பிள்ளைகள் ஊருக்குப் போகவே பயப்படுகிறார்கள். அங்கே ராணுவம் ஏன் ஆட்சியை விடுவதில்லை? மலேசியாவில் அப்படி நடக்கவில்லையே? – வாசகி, பிறை

பதில்: 1948இல் விடுதலை கிடைத்த கையோடு பர்மாவில் (இன்றைய மியன்மார்) கம்யூனிஸ்டுகளும் பின்னர் கரேன்களும் ஆயுதம் ஏந்தினார்கள். நாட்டைக் கட்டிக்காத்தது தாங்களே என்ற நினைப்பு பட்டாளத்தில் அப்போதே ஊறிவிட்டது. 1962 மார்ச் 2இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பறித்தார்.

பிடித்ததை விடாததற்குக் காரணம் சொத்து. வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக உழைத்த நம் தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னை பர்மா பஜாரின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த அநியாயத்துக்கு இன்றுவரை கணக்குத் தீர்க்கப்படவில்லை. பிற்காலத்தில் ராணுவமே வங்கி, பீர், மாணிக்கக்கல் என்று வணிகம் நடத்தியது. 2008 அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தில் கால்பங்கு இடங்களை அதற்கே ஒதுக்கியது. அதுவும் போதவில்லை: 2020 தேர்தலில் ஆங் சான் சூ கி கட்சி பெருவெற்றி பெற, 2021 பிப்ரவரி 1இல் ஆட்சியை மறுபடி கவிழ்த்தார்கள்.

இங்கே 1969 மே கலவரத்துக்குப் பின் நாடாளுமன்றம் முடக்கப்பட்டது உண்மை. ஆனால் அப்போது நாட்டை நிர்வகித்த தேசிய நடவடிக்கை மன்றத்தின் தலைமையில் இருந்தவர் துன் அப்துல் ரசாக், ஓர் அரசியல்வாதி. தளபதியும் போலீஸ் தலைவரும் அவருக்குக் கீழேதான் அமர்ந்தார்கள். 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது.