காசநோய்க் கிருமியின் மெழுகுக் கோட்டை

முன்னுரை

உடலை உருக்கி எலும்பும் தோலுமாக்கும் காசநோயை நம் முன்னோர் ‘எலும்புருக்கி நோய்’ என வழங்கினர். இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்த செய்தியைச் செருமானிய அறிஞர் இராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் வெளியிட்டார். நூற்றாண்டு கடந்தும் இந்நோயைப் பழியெனக் கருதும் மனநிலை மாறவில்லை. மாத்திரைகளைப் புத்தகப் பையின் அடியில் ஒளித்து வகுப்புக்கு வந்த மாணவரை நாம் கண்டதுண்டு. மறைந்து வாழ்வது கிருமியின் இயல்பு. அதற்கு நாமும் துணைபோகலாமா? அக்கிருமி எவ்வாறு மறைகிறது, எதனால் பிடிபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்டையின் அமைப்பு

காசநோய்க் கிருமியின் செல்சுவரில் சர்க்கரைகளால் பின்னப்பட்ட வலையின்மீது மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகு படர்ந்துள்ளது. நல்லெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களுள் பெரும்பாலானவை 18 கரியணுக்கள் கொண்டவை; மைக்கோலிக் அமிலத்திலோ அவை ஏறத்தாழ 60 முதல் 90 வரை உள்ளன. இம்மெழுகினாலேயே, சாயமேற்றிய கிருமி அமிலத்தால் கழுவினும் நிறம் இழப்பதில்லை. உருப்பெருக்கி வழியாகச் செய்யும் சளிப் பரிசோதனைக்கு இதுவே அடிப்படையாகும். சர்க்கரையும் கொழுப்பும் பிணைந்த மூலக்கூறுகள் பலவும் இச்சுவரில் பதிந்துள்ளன.

காவலரும் பகைவரும்

நுரையீரலுள் புகும் கிருமியை விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கிய பையும் செரிக்கும் பையும் ஒன்றுகலந்தால் கிருமி மடியும். ஆனால் லைப்போஅராபினோமேனன் என்னும் சர்க்கரைக் கொழுப்பு அக்கலப்பைத் தடுக்கிறது. காவலர் வீடே பகைவர்க்குப் புகலிடமாகிறது! எனினும் கோட்டை முழுவதும் கிருமிக்குத் துணையன்று. ட்ரெகலோஸ் சர்க்கரையோடு மைக்கோலிக் அமிலம் இணைந்த ‘கயிற்றுக் காரணி’யை நம் அணுக்களிலுள்ள ‘மின்கிள்’ என்னும் ஏற்பி அடையாளம் கண்டு எச்சரிக்கை எழுப்புவதை 2009இல் சப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினர்.

தென்னாட்டுக் கிருமி

சென்னையில் 1956இல் தோன்றிய காசநோய் வேதிமருத்துவ மையத்தின் நோயாளிகளிடம் பெற்ற கிருமிகளை மிட்சிசனும் உடன் ஆய்ந்தோரும் பிரித்தானியக் கிருமிகளோடு ஒப்பிட்டனர். கினிப் பன்றிகளிடம் தென்னாட்டுக் கிருமிகளுள் பல வீரியம் குன்றியிருந்தன. 1974இல் கோரன் என்பார், இத்தகைய கிருமிகளில் கந்தகம் சேர்ந்த சர்க்கரைக் கொழுப்பு குறைந்தும் வேறொரு கொழுப்பு மிகுந்தும் இருத்தலைக் காட்டினார். அக்கொழுப்பு இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் பரவிய கிருமிக் குடியின் அடையாளம் என்பது 2011இல் தெளிவாயிற்று. கந்தகக் கொழுப்பு நரம்பைத் தூண்டிக் கினிப் பன்றிகளை இருமச் செய்வது 2020இல் வெளிப்பட்டது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. விலங்கிடம் மெலிந்த அக்கிருமிகள் அனைத்தும் நோயுற்ற மனிதரிடமிருந்தே பெறப்பட்டவை! நம் மண்ணின் கிருமியை நம் மக்களிடமே ஆராய்தல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடமாகும்.

கோட்டை தகர்த்தல்

ஐசோனியசிட் மருந்து மைக்கோலிக் அமில உருவாக்கத்தைத் தடுக்கிறது. எத்தாம்பியூட்டால் சர்க்கரை வலையைக் குலைக்கிறது. ஐசோனியசிட் அடங்கிய மருந்துகளை வீட்டிலிருந்தே உட்கொள்வதும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் மருத்துவத்திற்கு இணையான பயன் தரும் எனச் சென்னை மையம் 1959இல் உலகுக்குக் காட்டியது. கிருமிக்கு மறைவிடம் தந்த லைப்போஅராபினோமேனனே இன்று சிறுநீர்ப் பரிசோதனையில் அதனைக் காட்டிக்கொடுக்கிறது. எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கு இப்பரிசோதனையை உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது.

முடிவுரை

இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பின் சளியைப் பரிசோதித்தல் வேண்டும். மருத்துவர் வகுத்த காலம் முழுதும் மருந்துண்ணல் வேண்டும். இடையில் நிறுத்தின், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். கோரிமேட்டில் ஜிப்மர் அமைந்துள்ள புதுவையில் மருத்துவத்திற்குக் குறைவில்லை, தயக்கமே தடை. ஒளிந்திருக்க வேண்டியவர் நோயாளர் அல்லர். மாணவர் தம் மாத்திரையை மறைக்காமல் உண்ணும் வகுப்பறையை உருவாக்குதல் நம் கடமையாகும்.