ஆறு மணிக் கூத்து

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பழைய ‘பப்’ சுவர்களில் குளியலறை மாதிரி டைல்ஸ் பதித்திருக்கிறார்களே, ஏன்?

பதில்: கழுவிவிட வசதியாகத்தான்! முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-இல் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா உள்ளிட்ட மாநிலங்களில் மாலை 6 மணியோடு பப்களை மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆண்கள் காலாகாலத்தில் வீடு போய்ச் சேருவார்கள் என்பது மதுவிலக்குக்காரர்கள் போட்ட கணக்கு. நடந்ததோ வேறு. 5 மணிக்கு வேலை விட்டதும் ஓடிவந்து, ஒரே மணி நேரத்தில் முடிந்தமட்டும் ஊற்றிக்கொண்டார்கள். உட்கார இடமில்லை, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். பரிமாறுகிறவர் ரப்பர் குழாயைப் பிடித்தபடி, நீட்டிய கிளாஸ்களில் எல்லாம் பீரை நிரப்பிக்கொண்டே போவார். கடை மூடியபின் தரையையும் சுவரையும் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டியதுதான்!

இந்தக் கூத்து சிட்னியில் 1955 வரை, மெல்போர்னில் 1966 வரை நீடித்தது.

பெண்கள் கதை தனி. குவீன்ஸ்லாந்தில் பொது பாரில் அவர்களுக்குப் பரிமாறவே தடை. 1965-இல் பிரிஸ்பேனின் ரெகாட்டா ஹோட்டலுக்குள் மெர்ல் தோர்ன்டன், ரோசலி போக்னர் என்ற இருவர் நுழைந்து, பாரின் கம்பியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். சட்டம் இறங்கிவர 1970 ஆயிற்று.